ஸ்கேனில் தெரியாத இடுப்பு வலி: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 ஆண்டுகளாகப் பவர் டேபிள் டெய்லராக வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக இடுப்பின் இடப்பக்கத்தில் தொடங்கும் வலி, பின்தொடை வழியாக இறங்கிச் சில நாட்களில் பாதம் வரை எரிகிறது. இருமினால்கூடச் சுளீரென்று இழுக்கும் நாட்கள் உண்டு. கெண்டைக்காலில் சேலை உரசுவதே தாங்க முடியாத நாட்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே ‘லேசான பிதுக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் பார்த்த மருத்துவர் ஜவ்வு விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார். இரண்டாமவர் இந்த அளவு பிதுக்கத்துக்கு இவ்வளவு வலி வராது என்று சொல்லி நரம்புச் சோதனைக்கு அனுப்பினார். அதில் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாமவர் மன உளைச்சல் என்று சொல்லி மாத்திரை எழுதினார். இதற்கிடையே கரண்ட் வைத்தார்கள், பெல்ட் கட்டினேன், எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். எதிலும் முழுக் குணமில்லை. வேலை செய்யச் சோம்பல் என்று வீட்டில் பேசுகிறார்கள். ஏதாவது பெரிய வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு என்னதான் நோய்?

பதில்: பெரிய வியாதி என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மிகையாகக் கருதவில்லை. நீண்ட நாள் வலியோடு என்னிடம் வருபவர்களில் பலர் இதையே கண் கலங்கச் சொல்லியிருக்கிறார்கள். வலியைச் சுமப்பதோடு, அந்த வலி உண்மை என்று ஒவ்வொருவரிடமும் நிரூபிக்கும் சுமையும் அவர்கள் தலையில் விழுந்துவிடுகிறது. எனவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வலி உண்மையானது. ஸ்கேனில் எதுவும் இல்லை என்பதை உங்களுக்கு எதுவும் இல்லை என்று பொருள்கொள்வது, மருத்துவர்களாகிய நாங்கள் அடிக்கடி செய்யும் தவறு.

மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எலும்புகளுக்கு இடையே உள்ள, ஜவ்வு என்று சொல்லப்படும் முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்கக்கூடும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல் எடுத்துக்காட்டினார்கள். அதனால் கோடிக்கணக்கானவர்கள் பயனடைந்தார்கள். அதேவேளை, இடுப்பில் எந்த வலி வந்தாலும் ‘ஜவ்வு’ என்று முடிவுகட்டும் பழக்கமும் அதன்பின் வேரூன்றியது. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வட்டுப் பிதுக்கமும், நூற்றுக்கு 68 பேருக்கு வட்டுத் தேய்மானமும் இருந்தன. ஆகவே உங்கள் ஸ்கேனில் உள்ள லேசான பிதுக்கம் வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், நரைமுடியைப்போல வயதின் அடையாளமாகவும் இருக்கலாம். கால் பெருவிரலை மேலே தூக்கும் வலு, குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கும் திறன், கணுக்கால் அனிச்சை, தொடு உணர்வு ஆகியவற்றைச் சோதித்து, படுக்கவைத்து நீட்டிய காலை உயர்த்திப் பார்த்து, அவை பிதுக்கம் இருக்கும் இடத்தோடு பொருந்துகின்றனவா என்று கண்டறிந்த பிறகே அதைக் காரணமாகச் சொல்ல முடியும். அப்படிப் பொருந்தாத நிலையில் அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம்.

நரம்புச் சோதனை சரியாக இருந்தது உங்கள் எரிச்சலைப் பொய்யாக்கிவிடாது. அந்தச் சோதனை தடித்த, வேகமாகச் செய்தி கடத்தும் நரம்பிழைகளைத்தான் அளக்கிறது; எரிச்சலையும் வலியையும் சூட்டையும் மூளைக்கு எடுத்துச் செல்லும் மெல்லிய இழைகள் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. நரம்பு வேர் முதுகெலும்புக்கு அருகிலேயே நசுங்கும்போதுகூடக் காலில் எடுக்கும் உணர்வு நரம்புப் பதிவு இயல்பாக இருக்கக்கூடும்.

சேலை உரசினால் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த வரிதான். வலி தரக்கூடாத தொடுதல் வலியாக உணரப்படுவது நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்திருப்பதன் அறிகுறி. காயம் ஏற்பட்ட பிறகு தண்டுவடத்தில் உள்ள நரம்பணுக்களே வலிச் செய்தியைப் பெருக்கத் தொடங்குகின்றன என்பதை 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் விலங்குகளில் காட்டினார். தொடக்கக் காரணம் ஆறிய பிறகும் இந்தப் பெருக்கம் சிலருக்கு நீடிக்கிறது. இது உடலில் நடக்கும் மாற்றமே அன்றிக் கற்பனை அன்று. தூக்கமின்மையும் கவலையும் இந்தப் பெருக்கத்தை இன்னும் கூட்டும் என்பது உண்மை. மூன்றாவது மருத்துவர் ஒருவேளை அதைத்தான் சொல்ல வந்திருக்கலாம், ஆனால் அது உங்கள்மீது சுமத்திய குற்றமாக வந்து சேர்ந்திருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, வேறொரு நோயால் முழுமையாக விளக்க முடியாத வலியை ‘முதன்மை நாட்பட்ட வலி’ என்று ஒரு நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது.

ஆனாலும் அந்தப் பெயரை இப்போதே எடுத்து ஒட்டிவிட நான் விரும்பவில்லை. இன்னும் கேட்கப்படாத கேள்விகள் இருக்கின்றன. வலி மாதவிடாயையொட்டிக் கூடுகிறதா? கருப்பையின் உட்படலத் திசு வெளியே வளரும் நோயில் இடுப்பும் காலும் இப்படி வலிப்பதுண்டு, அதைக் கேட்காமலேயே ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. மாடிப்படி ஏறும்போதும் ஒருக்களித்துப் படுக்கும்போதும் கூடுகிறதா? அப்படியானால் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் கூடும் மூட்டையும், தொடை மூட்டையும், புட்டத்தின் ஆழ்தசைகளையும் கையால் சோதிக்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு, பி12 அளவுகள் பார்க்கப்பட்டனவா? இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் வலி வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, எந்தப் பக்கம் படுத்தால் குறைந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பவற்றை எழுதி, அதோடு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அந்த நோட்டு பல சமயங்களில் இன்னொரு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர் கழிப்பதில் திடீர்த் தடை, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பும் மலவாயும் சூழ்ந்த பகுதி மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்; தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருக்கக்கூடும், தாமதித்தால் இழந்தது திரும்பாமலேயே போகலாம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை வலியோடு சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதான நோய் அன்று, மருந்தால் குணமாகக்கூடியது.

நோயின் பெயர் கிடைக்கும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. இதை உங்களிடமும் என் சக மருத்துவர்களிடமும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எரியும் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தை இரவில் 10 மில்லிகிராம் என்ற சிறு அளவில் தொடங்குவதுண்டு. அது மனச்சோர்வுக்காக உருவான மருந்து. ஆனால் தண்டுவடத்தில் வலியைத் தணிக்கும் பாதையையும் அது வலுப்படுத்துகிறது. மூன்றாவது மருத்துவர் எழுதிய மாத்திரை இதுவாகவே இருந்திருக்கலாம். அப்படியென்றால், ‘மன நோய் மாத்திரை’ என்று எண்ணி நீங்கள் அதை நிறுத்தியிருந்தால், காரணத்தை விளக்காத எங்கள் தவறுதான் அது. பிரிகாபலின் பலருக்கும் எழுதப்படுகிறது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியில் அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை என்று 2017-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. சில வாரங்களில் பயன் தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்; திடீரென்று நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய சரியான விளக்கத்தையும் அது முன்வைக்கிறது. ஆகவே இயன்முறை மருத்துவரிடம் போகும்போது கரண்ட் வைத்துக்கொண்டு திரும்பிவிடாமல், உங்களுக்கென்று பயிற்சிகளைக் கற்றுத்தரும்படி கேளுங்கள்.

உங்களைப் போன்றவர்களிடம் நான் அடிக்கடி காண்பது இதுதான்: வலி குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து கிடக்கும் துணிகளையெல்லாம் துவைத்து, மாவும் ஆட்டி, வீட்டையும் கழுவிவிட்டு, திங்கள் முதல் புதன்வரை எழுந்திருக்க முடியாமல் கிடப்பது. கூருணர்வு அடைந்த நரம்பு மண்டலத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஓரிரு நிமிடங்கள் மட்டும் கூட்டுங்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து நிற்பது கூலி இழப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு வரும் இடைவெளியில் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துப் பின்னால் ஐந்து முறை வளையுங்கள். முதுகு சாய்க்க வசதியில்லாத ஸ்டூலில் உட்காருகிறீர்கள் என்றால், சாய்மானமுள்ள நாற்காலி கேட்டு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உங்களைச் சோம்பேறி என்று சொல்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நான் இங்கே எழுதியதை அவர் மருத்துவரின் வாயிலிருந்தே கேட்கட்டும்.

கேள்வி: என் வயது 26. சென்னையில் கணினி வேலை. இரண்டு ஆண்டுகளாகக் கீழ்முதுகு வலிக்கிறது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் முதுகு இறுகிக் கிடக்கிறது. நடக்க நடக்கச் சரியாகிறது. விடுமுறையில் படுத்தே இருந்தால் கூடுகிறது. பின்னிரவு மூன்று மணிக்கு வலியால் விழித்துவிடுகிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வருகிறது என்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு கண் சிவந்து வலித்துச் சரியானது.

பதில்: ஓய்வில் கூடி அசைவில் குறைவதும், பின்னிரவில் எழுப்புவதும், காலை இறுக்கமும், 45 வயதுக்கு முன் தொடங்கியதும் சேர்ந்தால், அதை வெறும் உட்காருவதால் வரும் வலி என்று ஒதுக்கிவிட முடியாது. முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி வாத நோயை முதலில் விலக்கியாக வேண்டும். கண் சிவந்ததும் அதன் ஒரு கிளையாக இருந்திருக்கலாம். மறுபடி வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இந்த நோயின் தடம் எக்ஸ்ரேயில் விழப் பல ஆண்டுகள் ஆகும். அதனாலேயே உலகெங்கும் இதைக் கண்டறியச் சராசரியாக ஏழு ஆண்டுகள்வரை வீணாகின்றன. வாதநோய் நிபுணர் ஒருவரைப் பார்த்து, இடுப்பெலும்பு மூட்டுக்கான எம்.ஆர்.ஐ.யும் எச்.எல்.ஏ.-பி27 இரத்தச் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். வழக்கமான கீழ்முதுகு ஸ்கேன் அந்த மூட்டைச் சரியாகக் காட்டாது. இரத்தச் சோதனை எதிர்மறையாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவாகிவிடாது. புகைபிடிப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள், இந்த நோயில் அது முதுகெலும்பை விரைந்து கெடுக்கிறது.

கேள்வி: வயது 63. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சைவ உணவு. நெடுநாளாக இடுப்பு வலி உண்டு. இப்போது இரண்டு பாதங்களும் எரிகின்றன, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது. இடுப்பு எலும்புத் தேய்மானம்தான் நரம்பை அழுத்துகிறது என்கிறார்கள்.

பதில்: இரண்டு பாதங்களும் ஒரே அளவில், விரல் நுனியிலிருந்து தொடங்கி எரிந்தால், இடுப்பை மட்டும் குறை சொல்வதற்கு முன் நரம்புகளையே பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் நேரடியாக நரம்பைக் கெடுக்கும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவ உணவில் அந்தச் சத்து ஏற்கெனவே குறைவு. மூன்றும் சேர்ந்து இருப்பவர் நீங்கள். பி12 அளவையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் இந்த வாரமே பாருங்கள். குறைவு உறுதியானால் ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்ய முடியும், ஆனால் நாள் கடந்தால் நரம்பு முழுதும் மீளாது. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். செருப்பில்லாமல் வாசலுக்குக்கூட இறங்காதீர்கள். தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலில் புண்ணோ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.