வைகாசிப் பழமும் காலைப் பசியாறலும்: ஆச்சியிடம் கேட்டவை

காரைக்குடிக் கடைத்தெருவில் மாம்பழமும் நுங்கும் குவிந்து கிடக்கின்றன. காலையில் இட்லிக்குப் பதிலாக ஸ்மூத்தி, அதாவது பழத்தைத் தயிரோ பாலோ சேர்த்துக் கெட்டியாக அடித்த பானம், குடிக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். உணவியல் படித்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆச்சி, ஸ்மூத்தியும் ஜூஸும் ஒன்றுதானே? (கண்டனூர்)

இல்லை. ஜூஸில் சக்கையை வடித்துக் கொட்டுகிறோம், நார்ச்சத்தும் அதோடு போய்விடும். ஸ்மூத்தியில் சதை முழுவதும் உள்ளே போகிறது. ஆனால் வெறும் பழத்தை அடித்துக் குடித்தால் பத்து மணிக்கே வயிறு கூப்பிடும். அதனால் ஓர் ஆளுக்கு ஒரு கப் பழத்துண்டு, அரை கப் கெட்டித் தயிர், இரவே ஊறவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் கடலையில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கிறது. கடலை ஒவ்வாதவர்கள் பாதாம் பக்கம் போகலாம், அதுவும் ஒவ்வாது என்றால் தயிரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சீனி வேண்டாம். பெரியவர்களுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் அந்தக் கணக்கில்தான் வரும். "தேன்தானே ஆச்சி" என்று மூன்று ஸ்பூன் ஊற்றுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாம்பழ ஸ்மூத்தி குடிக்கலாமா? (தேவகோட்டை)

ஐயா, நீங்கள் குடிக்காதீர்கள், தின்னுங்கள். இரண்டு பழத்தை அடித்து டம்ளரில் ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். அதையே கடித்துத் தின்றால் ஒரு பழத்திலேயே போதும் என்று தோன்றும். ஆசையாக இருந்தால் நான்கைந்து துண்டு மாம்பழத்தைத் தயிரோடு அடித்துக் குடியுங்கள். அதைப் பசியாறலுக்குப் பதிலாக எடுக்க வேண்டும், நாலு இட்லி தின்றபின் மேலே ஊற்றக் கூடாது. ஆனி, ஆடியில் வரும் நாவல் பழமும் நல்லதுதான். ஆனால் நாவல் கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழத்தின் பொட்டாசியம் ஆகாமல் போகலாம், அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

பப்பாளியும் பாலும் அடித்து வைத்தேன். பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தால் கசக்கிறது. பால் கெட்டுப்போனதா அக்கா? (பள்ளத்தூர்)

பால் கெடவில்லை, தங்கச்சி. பப்பாளியில் பப்பாயின் என்ற நொதி இருக்கிறது. பாலில் உள்ள புரதத்தை அது உடைக்கும், நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். அன்னாசிக்கும் இதே கதைதான். அடித்தவுடன் குடித்துவிட்டால் தொல்லை இல்லை. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமென்றால் பப்பாளியைத் தேங்காய்ப் பாலோடு அடியுங்கள், அதில் புரதம் கொஞ்சம்தான்.

நுங்கு போடலாமா? (கானாடுகாத்தான்)

தாராளமாக. இளம் நுங்காக இருக்கட்டும், துவர்க்கும் தோலை உரித்துவிடுங்கள். மிக்சியில் ரொம்ப நேரம் ஓட்டினால் நீர்த்துப்போகும், இரண்டு சுற்று போதும். நுங்கில் பெரும்பகுதி தண்ணீர்தான், பசி தாங்காது. வெயிலுக்கு இதம், அவ்வளவே.

வீட்டில் கவுனி அரிசி வேகவைத்தது மிஞ்சிக் கிடக்கிறது. (புதுவயல்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! கல்யாண வீட்டில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தின்கிற கவுனிதான், ஆனால் இதற்கு இனிப்புச் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். கறுப்பு மேல்தோல் தீட்டப்படாமல் இருப்பதால் நார்ச்சத்து அதிகம், அந்தக் கருஞ்சிவப்பு ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி தரும் நிறம். மூன்று மேசைக்கரண்டிச் சாதம், ஒரு பூவன் பழம், தயிர், ஒரு சிட்டிகை ஏலக்காய். முதலில் சாதத்தையும் தயிரையும் மைய அரைத்துவிட்டு, அப்புறம் பழம் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் அரிசி நறநறவென்று பல்லில் படும். கடையில் வாங்கும் ஓட்ஸைவிட இது நம் நாக்குக்கு ஒத்துப்போகும் என்பது என் கட்சி.

மாம்பழம் முடிந்தபிறகு என்ன செய்வது? கல் வைத்துப் பழுக்க வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவிலூர்)

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. தோல் ஒரே சீராக மஞ்சளாகி, காம்புப் பக்கம் வாசனையே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. காயாக வாங்கி வைக்கோலில் வைப்பதே நிம்மதி.

கடைசியாக வரும் நீலம் மாம்பழத்தின் சதையை வழித்து ஃப்ரீசரில் வைத்தால் சில மாதம் தாங்கும். ஆனால் எதற்கு? ஆவணி தாண்டினால் சீத்தாப்பழம், மழைக்காலத்தில் கொய்யா. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி இருக்கிறது. அதன் விதைக்காக மட்டும் வடிகட்டலாம், மற்ற பழத்துக்கு வடிகட்டியை எடுக்காதீர்கள். சீத்தாப்பழத்தை மிக்சிக்கு முன்னால் கையால் பிசைந்து ஒரு விதை விடாமல் எடுத்துவிடுங்கள், அந்த விதை நஞ்சு.

புரதப் பவுடர்?

வேண்டாம். கடலை இருக்கிறதே.

ஆச்சி, எங்கள் மிக்சியில் எதை அடித்தாலும் கோழி மசாலா வாடை வருகிறது! (காரைக்குடி)

சோம்பும் கல்பாசியும் அரைத்த ஜார், வேறு எப்படி இருக்கும்! ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேய்த்துக் கழுவுங்கள், வாடை அங்கேதான் ஒட்டியிருக்கும். எலுமிச்சைத் தோலும் தண்ணீரும் போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அதற்கும் போகவில்லையென்றால் பழத்துக்கென்று சின்ன ஜார் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள்.