ராடு சரியாகத்தான் இருக்கிறது. 23 வோல்ட் எங்கே போகிறது?

கேள்வி: வாளியில் வெந்நீர் போடும் ராடு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. 230 வோல்ட், 1500 வாட் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. ஆனால் தண்ணீர் சுட நேரமாகிறது. பிளக் பாயின்ட்டில் 228 வோல்ட் இருக்கிறது. ராடைப் போட்டதும் 205 ஆகிவிடுகிறது. கிளாம்ப் மீட்டர் 5.8 ஆம்பியர் காட்டுகிறது. இதன் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கணக்கிடுவது? ராடு பழுதா? ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

பதில்: கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆனால் இரண்டு அளவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ராடு ஓடாதபோது பார்த்த 228-ஐ எடுத்துக்கொண்டு 5.8-ஆல் வகுத்தால் 39 ஓம் வரும். ராடில் ஏதோ கோளாறு என்று தோன்றும். ராடு ஓடும்போது அதற்குக் கிடைப்பது 205 வோல்ட்தான்.

205 ÷ 5.8 = 35.3 ஓம். இது ராடின் மின்தடை.
205 × 5.8 = 1189 வாட். இது இப்போது அது தரும் வெப்பம்.

ராடு எப்படி இருக்க வேண்டும் என்பதை அதில் அச்சிட்டதை வைத்தே சரிபார்க்கலாம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை: 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். அச்சாகப் பொருந்துகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால் அடி இரட்டிப்பாக விழுகிறது. 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். 1500 வாட்டில் 28 நிமிடம். உங்கள் 1189 வாட்டில் 35 நிமிடம். நீங்கள் சொல்லும் தாமதம் இதுதான்.

மல்டிமீட்டரை நேரடியாக ஓமில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ராடைச் சுவிட்ச்சிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டுப் பார்த்தால் போதும். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். பழைய குண்டு பல்பில் இந்த வேலை பலிக்காது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைத்துவிட்டு அளந்தால் 40 ஓம் அளவில்தான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடேறி வெள்ளையாக ஒளிரும்போது மின்தடை அவ்வளவு ஏறுகிறது. மின்விசிறி, மோட்டார் போன்றவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது உண்மையான வாட் அல்ல. அது வேறு கதை.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் கேட்காத மின்தடை ஒன்று உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறது. 228-லிருந்து 205-க்கு இறங்கிய 23 வோல்ட், வரும் வழியில் எங்கோ விழுகிறது. 23 ÷ 5.8 = ஏறத்தாழ 4 ஓம். 23 × 5.8 = 133 வாட். நல்ல 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் ஓடினாலும், போக வர 40 மீட்டருக்கு 0.3 ஓம்தான், இரண்டு வோல்ட் கூட விழாது. எனவே கம்பியின் நீளம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தளர்ந்த திருகு, கருகிய சுவிட்ச், துருப்பிடித்த இணைப்பு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். தெரு லைனே பலவீனமாக இருக்கவும் கூடும்.

பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு பெரும்பாலும் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்குகிறது. இந்த 133 வாட்டில் பெரும்பகுதி ஒரே திருகில் இறங்கினால் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஏழு நிமிடம் தாமதமாவதை விட எனக்குக் கவலை தருவது இதுதான்.

தெரு லைன் அவ்வப்போது தானாகவே ஏறி இறங்கும் என்பதால், ராடை நான்கைந்து முறை போட்டு அணைத்து ஒவ்வொரு முறையும் அதே 23 வோல்ட் விழுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பின் சுவிட்ச்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்களுக்கு அருகே கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் இந்த ராடைப் போட்டிருந்தால் அதுவே தவறு. முழு 230 வோல்ட் வந்தால் இது 6.5 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி இல்லாமல்.

பிளக் சுடவில்லை என்றால் ராடு ஓடும்போது மெயின் சுவிட்ச்சில் எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அங்கே 226 இருந்து பாயின்ட்டில் 205 என்றால் கோளாறு வீட்டுக்குள். அங்கேயும் 205-தான் என்றால் மீட்டர் பக்கமோ கம்பத்துப் பக்கமோ. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பாக இருந்து, ராடைப் போட்டதும் வேறு அறையின் விளக்கு பிரகாசமானால் நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, இணைப்பு விட்டுப்போகிறது என்று பொருள். உடனே மெயினை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக ஸ்டெபிலைசர். வேண்டவே வேண்டாம். அது ராடுக்கு 230 வோல்ட் கொடுக்க, அந்தப் பழுதான இணைப்பின் வழியே இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். உங்கள் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் 5.8 ஆம்பியர் 7.6 ஆகும், வரும் மின்னழுத்தம் 198-க்குச் சரியும், வழியில் வீணாகும் 133 வாட் 228 ஆகும். தண்ணீர் சீக்கிரம் சுடும், திருகும் சுடும்.