பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை வாட் வேண்டும்?

கேள்வி: வாடகை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையைப் பாட்டுக் கேட்க ஒதுக்கியிருக்கிறேன். கர்நாடகக் கச்சேரியும் பழைய சினிமாப் பாட்டும்தான் கேட்பேன். 100 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் முடியாது என்கிறார் ஒரு கடைக்காரர். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (அடி ஒலிக்கான பெட்டி) சேர்ந்த 5.1 செட் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்க, எப்படிக் கேட்டுப் பார்க்க?

பதில்: 5.1 படம் பார்க்கிறவர்களுக்கு. நீங்கள் கேட்பவை ஸ்டீரியோ, அதாவது இரண்டு சேனல்; பழையவை பெரும்பாலும் மோனோ, ஒரே சேனல். அதே காசை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் ஒரு பெட்டியும் உருப்படியாக இருக்காது. ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (ஸ்டாண்டிலோ அலமாரியிலோ வைக்கும் சின்னப் பெட்டி), ஒரு ஸ்டீரியோ ஆம்ப் போதும். பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகட்டும்.

வாட் விஷயத்துக்கு வருவோம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும், 87 டெசிபெல் என்பதுபோல. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வரும் சத்தம் அது. அதற்கு மேல் வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபெல். அதாவது 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் அந்த 3 தான். 90 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினால் அந்த 3 ஆம்பை மாற்றாமலே கிடைத்துவிடும். உங்கள் அறையில் சாதாரணமாகக் கேட்க ஓரிரு வாட்டே செலவாகும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 30 முதல் 50 வாட் ஆர்எம்எஸ் (ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) தாராளம். பெட்டியில் பெரிதாக அச்சடித்த பிஎம்பிஓ (கண நேர உச்சம்) கணக்கை யாரும் நம்ப வேண்டாம்.

கடைக்கு நீங்கள் நன்றாகக் கேட்டுப் பழகிய இரண்டு பதிவுகளை எடுத்துப் போங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று போனில் இருக்கும் டெசிபெல் ஆப் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் மிருதங்கத்தைக் கவனியுங்கள். தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், விழும் கும்கி நாதம் வளைந்து ஏறுவது தெரிய வேண்டும். ‘தும் தும்’ என்று ஒரே மாதிரி வந்தால் பேஸை (அடி ஒலியை) ஊதிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேல் ஸ்தாயியில் வயலின் காதைக் கீறக் கூடாது. பாடகர் ‘ச’, ‘ஷ’ சொல்லும் இடங்களில் சீறல் கேட்டால் அரை மணி நேரத்தில் தலைவலி நிச்சயம்.

வீட்டுக்கு வந்ததும் அறை தன் வேலையைக் காட்டும். 12 அடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து முழங்கும். இதில் சப்வூஃபர் வேறு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஸ்பீக்கரை மூலையில் தள்ளாதீர்கள், பின்சுவரிலிருந்து ஓரடியாவது முன்னால் இழுங்கள். ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில் உட்காருங்கள். கை தட்டினால் கணகணவென்று எதிரொலிக்கிறதா? கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு ஜமக்காளமும் போடுங்கள். ஆம்ப் மாற்றுவதைவிட இதில் பலன் அதிகம், செலவு குறைவு.

பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், ஆள் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாமல் பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஆம்பை அணைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அந்த ஒயருக்கும் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே போதும்.