டூம் என்ற பழைய கணினி விளையாட்டின் மூலநிரலை மாற்றி, புதுச்சேரிக் கல்லூரிக் கண்காட்சிக்காகப் பென்டிரைவில் விற்கலாமா? என் பிரதியில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கிறதே?

விற்கலாம்; ஆனால் டூமின் அசல் வேட் (WAD) கோப்பை, அதாவது விளையாட்டின் தரவுக் கோப்பை, அதில் சேர்க்கக் கூடாது.

உங்கள் பிரதியில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது 1997 டிசம்பரில் வெளியான பழைய பிரதியாக இருக்கலாம். டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் (id Software) நிறுவனம் அதே நிரலை 1999இல் ஜிபிஎல் (GPL) உரிமத்தில் மறுபடியும் வெளியிட்டது; நிரலை மாற்றவும் விற்கவும் அனுமதிக்கும் திறமூல உரிமம் அது. உரிமக் கோப்பைத் திறந்து, ஜிபிஎல் பதிப்பு 2 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள அந்நிறுவனத்தின் பக்கத்திலிருந்து இறக்கி, உங்கள் மாற்றங்களை அதன்மேல் செய்யுங்கள்.

படங்கள், ஒலிகள், நிலைகள் அனைத்தும் வேட் கோப்பில் இருப்பதால் நிரலுக்கான ஜிபிஎல் உரிமம் அவற்றுக்குப் பொருந்தாது. உங்கள் கண்காட்சிக்கு, அவற்றுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீடூம் (Freedoom) கோப்புகளே போதும். அவற்றின் உரிமக் குறிப்பை நீக்காதீர்கள்.

வாங்குபவருக்கு நீங்கள் மாற்றிய மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். இந்தப் பழைய விளையாட்டு இன்றைய கணினிகளிலும் ஓடுவதற்கு, பலர் அப்படிக் கொடுத்ததே காரணம். ஆகவே அந்த மூலநிரலை அதே பென்டிரைவில் தனிக் கோப்புறையாக வைத்துவிடுங்கள்.