பதவி உயர்வு வேண்டாம் என்கிறான் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உங்கள் மகனுக்கு உற்பத்தி மேலாளர் பதவி வந்திருக்கிறது. அவனோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கிறிஸ்தவ விசுவாசத்தைக் காப்பாற்ற முடியாது, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறான். அவனுக்குப் புத்தி சொல்லும்படி எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனுடைய பயத்தைக் கோழைத்தனம் என்று எண்ணாதீர்கள். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்றால் யாரை இரண்டாவது ஷிஃப்டுக்கும் நிறுத்தி வைப்பது, தரச் சோதனையில் தேறாத சரக்கை அனுப்பலாமா, ஒப்பந்தத் தொழிலாளியின் வருகைப் பதிவில் என்ன எழுதுவது என்பதற்கெல்லாம் இனி அவன் கையெழுத்து வேண்டும். இதை நினைத்துத் தயங்குகிறவன்தான் அந்த இடத்துக்குத் தகுதியானவன் என்பது என் கருத்து.

ஊழிய அழைப்பு உண்மையென்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதை அறிய ஒரு வழி இருக்கிறது. ஞாயிறு பள்ளியோ, மருத்துவமனைச் சந்திப்போ, கிராம ஊழியமோ இந்தப் பதவிப் பேச்சுக்கு முன்பே அவனை இழுத்துக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் போதகரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசட்டும். பதவி உயர்வுக் கடிதம் வந்த பிறகுதான் அந்த எண்ணம் பிறந்தது என்றால், அதை அழைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊழியம் ஒரு பக்கம், நிர்வாகம் மறுபக்கம் என்று நம் சபைகளில் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையைப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் அமெரிக்க மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கினார். நோயாளிகளைப் பார்ப்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் நல்ல மருத்துவர் ஒருவர் வாழ்ந்து மறைந்தார் என்பதோடு கதை முடிந்திருக்கும். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று கட்டியெழுப்பினார். அதற்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது, ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. அந்த நிர்வாக வேலையும் அவருடைய அழைப்பில் அடங்கியதுதான்.

உங்கள் மகன் வேதாகமத்தில் நெகேமியாவின் புத்தகத்தைப் படித்திருப்பான். அவர் தலைமையில் எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், 52 நாளில் கட்டி முடிந்ததைப் பற்றித்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். ஐந்தாம் அதிகாரத்தை அவன் மறுபடியும் மெதுவாக வாசிக்கட்டும். கட்டட வேலை நடக்கும்போதே ஜனங்கள் வந்து முறையிடுகிறார்கள்: தானியத்துக்காக நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். நெகேமியா வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. வட்டி வாங்கிய பெரியவர்களை நேருக்கு நேர் கடிந்துகொண்டு, பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். 12 ஆண்டுகள் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. முன்பிருந்தவர்கள் வாங்கியதைத் தான் வாங்காததற்கு அவர் சொன்ன காரணம் தேவபயம்.

ஓசூரில் இது எப்படி இருக்கும்? மிகைநேர வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. அது ஒப்பந்தத் தொழிலாளிக்கும் போய்ச் சேருகிறதா என்று மேலாளர் பார்க்கலாம். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை நிறுவனமே கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டம்தான். கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் சொல்வதை நம்புகிறவன், சம்பளத் தேதி தள்ளிப்போகும்போது நிதிப் பிரிவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். உற்பத்தியை உயர்த்தும் யோசனையைச் சொன்னது ஒரு இளநிலை ஊழியர் என்றால், மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் அவர் பெயர் இருக்க வேண்டும். இந்த வேலைகளில்தான் அவன் தேடும் நோக்கம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் அவனை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதோ, ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பதோ கூடாது. ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிற கை நீட்டும் தாளை யாராலும் மனதார மறுக்க முடியாது. அந்த வற்புறுத்தலில் சுவிசேஷம் இல்லை. அவனுடைய விசுவாசத்தைப் பற்றி யாராவது தானாகக் கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்லட்டும். விடுமுறைப் பட்டியல் போடும்போது கிறிஸ்துமஸை நினைப்பதுபோல் ரம்ஜானையும் ஊர்க் கோயில் திருவிழாவையும் நினைக்கட்டும்.

இப்போது உங்களுக்கு. சம்பளம் கூடியதும் ஓசூரிலோ பெங்களூரிலோ ஃபிளாட் வாங்க வேண்டும், அடுத்து கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் நடக்கட்டும். வீட்டுக் கடனை இரண்டு ஆண்டுகளாவது தள்ளி வையுங்கள், அம்மா. பொய்யான சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போடச் சொல்லும் நாள் வந்தால், அவன் மறுக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இருக்கிறவனுக்கு அந்த மறுப்பு வாயில் வரும். மாதத் தவணை கழுத்தில் இருக்கிறவன் பேனாவை எடுத்துவிடுவான். நல்ல பிள்ளைகள் பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், பெரும்பாலும் பெற்றோரின் அவசரத்தால்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அவன் மேலதிகாரியிடம் சிலவற்றை நேரடியாகக் கேட்கட்டும். வார விடுமுறை எந்த நாள், ஞாயிறு ஆராதனைக்கு மாதத்தில் எத்தனை முறை போக முடியும்? தரத்தில் தேறாத சரக்கை நிறுத்தி வைக்கும் அதிகாரம் தனக்கா, தரப் பிரிவுக்கா? இதே பதவியில் முன்பு இருந்தவர் ஏன் விலகினார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அந்த முன்னாள் மேலாளரையே தேடிப்போய்ப் பேசட்டும். அங்கே பொய்க் கணக்கு எழுதுவதுதான் வழக்கம் என்று தெரியவந்தால், தயங்காமல் மறுத்துவிடலாம். அப்போது நீங்களும் அவனைக் குறை சொல்லாதீர்கள்.

பதில் சொல்லக் கெடு எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரமாவது இருந்தால் பதவிக் கடிதத்தின் நகலோடு அவனை என்னிடம் பேசச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், அதற்கு முன்பே அவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.