தேரடியிலிருந்து பைபாஸுக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. எங்கள் ஊர் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவன் நான். என் அப்பா படித்ததும் அங்கேதான். நூற்றாண்டு கண்ட பள்ளி. கட்டடம் பழுதாகிவிட்டது, விளையாட இடமில்லை என்று சொல்லி, போன கல்வியாண்டில் பைபாஸ் ஓரமாகப் புதிதாகக் கட்டி மாற்றிவிட்டார்கள். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர்.

புதுக் கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆய்வகம், ஸ்மார்ட் போர்டு, பெரிய மைதானம் எல்லாம் உண்டு. ஆனால் பழைய வெண்கல மணியை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு எலெக்ட்ரிக் பெல் வைத்துவிட்டார்கள். காலை வழிபாட்டில் பிள்ளைகள் பாடுவதில்லை, ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. சீருடையின் நிறம்கூட மாறிவிட்டது. முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. காலத்துக்கு ஏற்ப மாறணும் என்று ஒரு கட்சி, இது நம்ம பள்ளிக்கூடமே இல்லை என்று இன்னொரு கட்சி. பழைய வாசல் வளைவைப் பெயர்த்துப் புது இடத்தில் நிறுத்த நிதி திரட்டுகிறார்கள். பழைய கட்டடத்தை என்ன செய்வதென்று நிர்வாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், இந்த வருடம் ஆறாம் வகுப்பில் டவுனிலிருந்து வரும் பெண்பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றார். சாயங்காலம் வேன் கிளம்பியதும் பள்ளியே காலியாகிவிடுகிறதாம்.

எதை மாற்றலாம், எதை விடாமல் வைத்திருக்க வேண்டும்? உங்கள் கருத்தை அறிய ஆவல். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மணியும் பாட்டும் சீருடையும் நிறைய இடம் பிடித்துக்கொண்டன. ஆசிரியை சொன்னதை மட்டும் போகிறபோக்கில் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அங்கேயிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. அந்தப் பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்?

அதற்கு முன்னால் ஒன்று. பழைய கட்டடத்திலேயே இருந்திருக்கலாமே என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் பக்கம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு நெருக்கடியான பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இடுக்கான மாடிப்படியையும் ஆடிக்கொண்டிருக்கும் உத்தரத்தையும் மலரும் நினைவுகளுக்காகக் காப்பாற்றச் சொல்வது அநியாயம். மாற வேண்டியிருந்தது, மாறினார்கள். சரி. எப்படி மாறினார்கள் என்பதில்தான் பேச்சு.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்றதும் இன்று யாருக்கும் தாம்பரத்துக் காடும் மான்களும் விடுதிகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த நிறுவனம் தன் முதல் நூறு ஆண்டுகளை நகரத்துக்குள்தான் கழித்தது. 1835ல் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பாதிரிமார் தொடங்கிய சின்னப் பள்ளி அது. 1837ல் ஜான் ஆண்டர்சன் வந்து ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெருவில் அதை நடத்த ஆரம்பித்தார். 1862ல் வந்த வில்லியம் மில்லர் காலத்தில் அது பெரிய கல்லூரியாக வளர்ந்தது. 1877ல் இன்றைய பெயர் கிடைத்தது. எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்தின் அண்டையில், கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே நடந்த கல்லூரி. ஒரு கட்டத்தில் இடம் போதாமல் போனது. தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டில் முந்நூற்றைம்பது ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்து, 1937 ஜனவரியில் கவர்னர் எர்ஸ்கின் புது வளாகத்தைத் திறந்துவைத்தார்.

இன்று பழைய மாணவர்கள் கண்கலங்கப் பேசும் தாம்பரப் பெருமைகளில் பெரும்பாலானவை அந்த இடமாற்றத்தால் வந்தவை. நகரத்தில் இருந்தபோதும் விடுதிகள் உண்டு. ஆனால் விடுதி வாழ்க்கையே கல்லூரியின் நடுநாயகமாக ஆனது இங்கே வந்த பிறகுதான். அந்தக் காடும் முழுக்கத் தானாக வளர்ந்ததில்லை. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்கள் அதில் ஏராளம். இது நம்ம பள்ளிக்கூடமே இல்லை என்று உங்கள் குழுவில் கோபப்படுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். புது இடத்துக்கும் பழக்கங்கள் சேரும், அதற்கு இருபது முப்பது வருடம் பிடிக்கும். அப்புறம் அதையும் மாற்றக் கூடாது என்று சண்டை போட ஒரு தலைமுறை வரும்.

நான் சொல்ல வந்தது அது மட்டுமில்லை. கல்லூரி காட்டுக்குப் போனபோது ஜார்ஜ் டவுன் வீட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த மாணவன் என்ன ஆனான்? இங்கேதான் ரயில் வருகிறது. சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். அதற்கு ஆறு வருடம் கழித்துக் கல்லூரி இடம் மாறுகிறது, அதுவும் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, இறங்கி நடந்து போகிற தூரத்தில். வளாகம் ஒரே நாளில் காட்டுக்குப் போனாலும் பிள்ளைகள் வர ஒரு தண்டவாளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. கல்லூரி போன பிறகும் பள்ளிப் பிரிவு ஜார்ஜ் டவுனிலேயே இருந்தது, 1950ல்தான் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலைக்கு மாறியது. அதே பீச்–தாம்பரம் பாதையில் சேத்துப்பட்டு ஸ்டேஷன் அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! சின்னப் பிள்ளைகள் படிக்கும் பகுதி கல்லூரியோடு சேர்ந்து தாம்பரம் வரை போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ரயில் இருந்ததால் ஏழை மாணவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் ரயிலுக்குக் காசும் நேரமும் செலவழித்தாக வேண்டும். சாயங்காலம் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படித்தவனுக்குத் தாம்பரம் தூரம்தான். ஆனாலும் போக ஒரு வழி இருந்தது. உங்கள் பைபாஸ் பள்ளிக்கு அப்படி என்ன இருக்கிறது? வேன். வேனுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். முடியாத வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது யார் என்று உங்களுக்கே தெரியும். பையன் என்றால் சைக்கிளில் போகட்டும் என்பார்கள், பைபாஸில் லாரி வருகிறதே என்று பெண்ணைத் தெருக்கோடியில் இருக்கும் ஏதாவது ஒரு பள்ளியில் போடுவார்கள்.

ஆண்டர்சன் காலத்துச் சம்பவம் ஒன்று உண்டு. 1830களின் கடைசியில், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை அவர் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். மற்ற சாதி மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பள்ளி ஏறக்குறைய காலியாகும் நிலை. அவர்களை அனுப்பிவிட்டால் திரும்பி வருகிறோம் என்றார்கள். ஆண்டர்சன் அசையவில்லை. அவருடைய மதமாற்ற நோக்கத்தைப் பற்றி எனக்கு விமர்சனம் உண்டு, அது வேறு கதை. ஆனால் அந்தப் பள்ளியின் பாரம்பரியம் எது என்று என்னைக் கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். உள்ளே யார் வரலாம் என்பதில் அது எடுத்த முடிவு அது.

வாசல் வளைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு முன்னோடி இருக்கிறார்கள். லண்டனில் 1611ல் தாமஸ் சட்டன் என்ற பணக்காரர் வைத்த அறக்கட்டளையில் பிறந்தது சார்ட்டர்ஹவுஸ் பள்ளி. அந்த அறக்கட்டளை இரண்டு காரியங்களுக்காக ஏற்பட்டது. எண்பது முதியவர்களுக்குச் சோறும் தங்குமிடமும், நாற்பது ஏழைச் சிறுவர்களுக்குப் படிப்பும். இரண்டும் ஒரே வளாகத்தில் நடந்தன. 1872ல் தலைமையாசிரியர் ஹெய்க் பிரவுன், நகர நெரிசலிலிருந்து பள்ளியைக் கொடால்மிங் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். பழைய மாணவர்கள் தங்கள் பெயரைச் செதுக்கியிருந்த கல் வளைவையும் பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். இடமாற்றம் பெரிய வெற்றி, மாணவர் எண்ணிக்கை சில வருடங்களிலேயே பல மடங்கானது. முதியவர்கள்? அவர்கள் லண்டனிலேயே தங்கிவிட்டார்கள். அந்த முதியோர் இல்லம் இன்றும் அங்கே நடக்கிறது. ஆக வளைவு பள்ளியோடு போனது, அறக்கட்டளையின் ஒரு பாதி வரவில்லை. பிள்ளைகளும் கிழவர்களும் ஒரே கூரையின் கீழ் என்று சட்டன் நினைத்தது அன்றோடு முடிந்தது. கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியாகத்தான் அது புது இடத்தில் பெருத்தது. கல்லைக் கொண்டுபோவதைவிடச் சுலபமான பாரம்பரியக் காப்பு வேறு எதுவும் இல்லை, செலவு மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக, கல்லே எடுத்துப்போக முடியாமல் வெளியேறியவர்களும் உண்டு. இலங்கையில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு மக்கள் 1990ல் போரினால் இடம்பெயர்ந்தபோது காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியும் இடம்பெயர்ந்தது. அதன் நிலம் திரும்பக் கிடைத்தது 2016ல். அத்தனை வருடமும் வேறு ஊரில் அதே பெயரில் பள்ளி நடந்தது, அந்த ஊர்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் எங்கே போய் ஒதுங்கினார்களோ அங்கே. அவர்களிடம் போய் மணி எலெக்ட்ரிக்கா வெண்கலமா என்று கேட்க எனக்கு வாய் வராது.

இனி உங்கள் பள்ளி. மணியை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள், ஒரு கொக்கியும் ஒரு பையனும் போதும். பாட்டை ஸ்பீக்கரில் போடுவது சோம்பல், பிள்ளைகள் சுருதி விலகிப் பாடினாலும் அவர்களே பாடட்டும். சீருடை நிறம் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைசி நான்கு வருடங்களில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எந்தெந்தத் தெரு, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மட்டும் எடுங்கள். ஆசிரியை சொன்னது உண்மையா, வெறும் எண்ணமா என்று அரை நாளில் தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆறிலிருந்து எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அது அரசுக்கு விதித்த கடமை, உங்கள் நிர்வாகத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஐந்து கிலோமீட்டர் அதிகம் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

வளைவுக்கு நிதி திரட்டும் அதே ஆட்கள் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மனு கொடுக்கலாம். மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பஸ்தான் இல்லை. காலையில் ஒன்று, பள்ளி விடும் நேரத்துக்கு ஒன்று, விளையாடிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஆறு மணிக்கு ஒன்று. அந்த மூன்றாவது பஸ் இல்லாவிட்டால் அத்தனை பெரிய மைதானம் யாருக்கு?

பழைய கட்டடத்தைப் பற்றி நிர்வாகம் முடிவெடுக்கவில்லை என்பது நல்ல செய்தி. பொறியாளரை வைத்துப் பார்த்து, உறுதியாக இருக்கும் இரண்டு அறைகளை மட்டும் செப்பனிட்டு, சாயங்காலப் படிப்பகமாக வைத்துக்கொள்ளக் கேளுங்கள். உட்கார்ந்து படிக்க வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் தேரடியைச் சுற்றி நிச்சயம் இருப்பார்கள். ஆறாம் வகுப்பையே இன்னும் சில வருடம் அங்கே நடத்த முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். முடியாது என்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் போடாதீர்கள், நேரில் கூட்டத்தில் வையுங்கள். பதிவேட்டில் என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.