தீச்சோதனையை நிறுத்தியது மாக்னா கார்ட்டாவா?

இல்லை, 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா அல்ல. அதே 1215-ஆம் ஆண்டு நவம்பரில் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபை மாநாடுதான் காரணம். ஆண்டு ஒன்றாக இருப்பதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கும்.

தீச்சோதனையில், குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. பாதிரியார் ஆசீர்வதிக்காமல் இந்தச் சடங்கே நடக்காது. அந்த ஆசீர்வாதத்தைத்தான் மாநாடு தடை செய்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: மன்னர் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை, பாதிரியார் விலகியதும் முறையே படுத்துவிட்டது. 1219-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியின் அரசு, தற்காலிகமாக என்ன செய்வதென்று நீதிபதிகளுக்கு எழுதியது. அப்புறம்தான் குற்ற வழக்குகளில் பொதுமக்கள் குழுவான ஜூரியின் தீர்ப்பு வேரூன்றியது.

மாக்னா கார்ட்டாவின் 39-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சமநிலையினரின் தீர்ப்பு, நாட்டின் சட்டம் என்றுதான் இருக்கும். தீச்சோதனைக்குத் தடை இருக்காது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அன்றைய ஜூரிகள், விஷயம் முன்பே தெரிந்த அக்கம்பக்கத்தார். இன்றைய ஜூரியை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள். இருவர் மோதித் தீர்க்கும் போர்ச்சோதனையும் 1819 வரை சட்டத்தில் இருந்தது.